‘ம்’ கொட்ட ஆளில்லாத மலை

ஒரு ஊரிலே ஒரு மலை இருந்ததாம். மலை இன்னும் இருக்கிறது, அதன் மேலிருந்த ஊரைத்தான் காணவில்லை. அந்தக் காணாமற்போன ஊரைக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் காட்டுவதுதான் என் தொழில். கடை வைத்திருப்பவருக்குக் காட்டக் கையில் ஒரு பொருளாவது இருக்கும். நானோ புல்லைக் காட்டி, "இதோ பாருங்கள், வீடு" என்று சொல்லவேண்டியவன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விளக்கிச் சம்பளம் வாங்குகிற சக துன்பப்பிராணிகளே, இதை உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

கப்பல் வரும் நாட்களில் ஆக்லாந்து நகர மையத்தில், துறைமுக வேலிக்கு வெளியே, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கப்பல்காரர் விற்கும் சுற்றுலாவில் சேராமல் தாங்களாகவே ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள்தான் எங்கள் ஆட்கள். அவர்களை எங்கள் வான் வண்டியில் ஏற்றி, மவுண்ட் ஈடன் அடிவாரத்தில் இறக்கி, மேலே நடத்திக் கூட்டிப்போய், கப்பல் புறப்பட முன்னர் பத்திரமாகத் திருப்பி விடவேண்டும். மலையின் பழைய பெயர் மவுங்காஃபாவ். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பல நூறு வருடங்களுக்கு முன்னர் அதன் சரிவுகளை அடுக்கடுக்காக வெட்டி, மரவேலி போட்டு, பெரிய ஊராக வாழ்ந்த இடம். இன்றைக்கு அங்கே மிச்சமிருப்பது அந்த அடுக்குகளும், கிழங்கு சேமித்த குழிகளும், ஏராளமான புல்லும்.

பலகையில் "மத்தியகால மலையுச்சிக் கிராமம்" என்று எழுதியவர் என் முதலாளி சாமி அங்கிள். ஃபிஜியில் பிறந்தவர், முன்னோர் தென்னிந்தியா. அவருடைய தமிழில் பாதி ஹிந்தியும் மீதி இங்கிலிஷும் இருக்கும். இங்கே உங்களுக்காகச் சலித்துத் தந்திருக்கிறேன். "யூரோப்புல எல்லாரும் இதைத்தானே தேடிப் போறாங்க? இதுவும் அதே காலத்து ஊர்தான். ஒரு எழுத்து பொய் இல்ல" என்பார்.

பொய் இல்லைதான். ஆனால் அதை நிரூபிக்கவேண்டிய வாய் என்னுடையது. நான் பேசினால் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்ற அப்பப்பாவும் அப்பாச்சியும் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்கிறவன் ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ கொட்டவேண்டும். ‘ம்’ நின்றால் பிள்ளை நித்திரை என்று கதையும் நின்றுவிடும். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். வெள்ளைக்காரர் ‘ம்’ கொட்டமாட்டார்கள், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள் என்பது என் மூளைக்குத் தெரியும். தொண்டைக்குத் தெரியாது.

மழைக்கு ஒதுங்க ஒரு சுவர்

முதல் நாள் எனக்கு வாய்த்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி. இத்தாலியிலும் பிரான்சிலும் ஒரு மலைக் கிராமம் விடாமல் ஏறி இறங்கியவர்கள். கோட்டை வாசல் எங்கே, மாதா கோயில் எங்கே, கோப்பிக் கடை எங்கே என்று அடிவாரத்திலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் அடுக்கில் நிறுத்தி, "இது நானாகக் கற்பனை செய்த கதை" என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "ஒரு விடியற்காலை. உச்சியில் காவல் இருந்தவன் கடலைப் பார்த்தான். தூரத்தில் ஐந்து ஓடங்கள். வருவது உறவா, பகையா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் காத்திருந்தேன். ‘ம்’ வரவில்லை. தொண்டை தானாக மூடிக்கொண்டது. மூன்று பேரும் காற்றில் சும்மா நின்றோம். பிறகு தூறலும் சேர்ந்துகொண்டது. சுற்றுலா முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். நானும் அவர்கள் பின்னால் இறங்கினேன். வானில் ஏறும்போது கணவர் என் தோளில் தட்டி, ஆறுதலாகத்தான் சொன்னார்: "எத்தனையோ மலைக் கிராமம் பார்த்திருக்கிறோம், மழைக்கு ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாத கிராமத்தை இன்றைக்குத்தான் பார்த்தோம்."

அந்த வாசகம் அப்படியே இணையத்தில் ஏறி, சாமி அங்கிளின் போனுக்கும் வந்து சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. "கடைசிக் கப்பல் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள ஒரே ஒரு ஆளாவது ‘அந்த ஊரைப் பார்த்தேன்’னு சொல்லணும். இல்லன்னா ஏர்போர்ட் வான்ல பெட்டி தூக்கப் போயிடு, தம்பி. பெட்டிங்க கிட்ட பேசவேண்டியதில்ல."

நல்ல குடும்பம்

அடுத்த கப்பலில் டொரொன்டோவிலிருந்து ஒரு அன்ரி வந்தார், தங்கச்சியோடும் கணவரோடும். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்ததும் மலையை மறந்துவிட்டார்.

"தம்பி, நீர் எவடம்?"

"கிளென்ஃபீல்ட், அன்ரி."

"அது வீடு. நான் ஊரைக் கேட்டனான்."

"அப்பா சாவகச்சேரி."

"சாவகச்சேரியில எவடம்?"

வலப்பக்கம் கிழங்குக் குழிகள் என்று கை காட்டினேன். "ஓம், ஓம், குழிதான். அம்மா எந்தப் பக்கம்?" என்றார். இரண்டாவது அடுக்கில் அம்மம்மாவின் பெயர் போனது. மூன்றாவது அடுக்கில் பெரிய மாமாவின் உத்தியோகம் போனது. அன்ரி எனக்கு ‘ம்’ கொட்டவில்லை. நான்தான் அவருக்குக் கொட்டிக்கொண்டு ஏறினேன். உச்சிக்கு வந்தபோது அவரிடம் எங்கள் குடும்பத்தின் ஐந்து தலைமுறை இருந்தது. அந்த ஊரில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரவே அவர் இணையத்தில் எழுதிவிட்டார்: "மலையில பாக்க ஒண்டுமில்லை. ஆனால் பெடியன் நல்ல குடும்பம்." நட்சத்திரம் ஐந்தும் போட்டிருந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். சாமி அங்கிளுக்கு அதை வாசித்து விளக்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது டூருக்குப் போட்ட ஸ்டார் இல்ல, உன் ஜாதகத்துக்குப் போட்டது. கணக்குல சேராது."

செஞ்சிக் கோட்டைக்காரர்

சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். கனத்த குரல், மெதுவாகப் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். நான் கதையைத் தொடங்கி, ஓடங்கள் வருகிற இடத்தில் வழக்கம்போல நின்றேன். அவர் இரண்டு விநாடிதான் பொறுத்தார். "எங்க செஞ்சியில..." என்று ஆரம்பித்தவர், எதிரி எந்தப் பக்கம் ஏறுவான், தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்கள், தானியத்தை எங்கே வைப்பார்கள் என்று கையை வீசி வீசி விளக்கிக்கொண்டே நடந்தார். என் ஆட்கள் எட்டுப் பேரும் அவர் பின்னால் போனார்கள். எங்கோ நடந்துகொண்டிருந்த இரண்டு ஜெர்மன்காரரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் போனேன். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

உச்சியில் அவர் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தார். மலையுச்சி இங்கே தலை மாதிரி, புனிதமான இடம், அதில் உட்கார்ந்து சாப்பிடுவது மரியாதை இல்லை. அதைச் சொன்னேன். நான் சொன்னது எனக்கும் காற்றுக்கும் மட்டும் கேட்டது. மூன்றாம் முறை சொன்னபோது அவர் பல்லுக்குப் போன முறுக்கை நிறுத்தி, பதறிப்போய்ப் பொட்டலத்தைக் கட்டினார். எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்தார்கள். கமெராவைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். இறங்கும்போது என் காதருகே வந்து, அவர் நினைப்பில் ரகசியமாக, மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, உனக்கு விஷயம் இருக்குப்பா, வாய்தான் இல்ல. கோயில் கோபுரத்து மேல உக்காந்து யாராவது முறுக்கு தின்பாங்களான்னு சத்தமா கேட்டிருந்தா நான் பையையே திறந்திருக்க மாட்டேனே!"

மௌனத்தைப் பெருக்கும் கருவி

வாய் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்து, கிளென்ஃபீல்ட் மாலில் இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கி ஒன்று வாங்கினேன். மறுநாள் ஓடங்கள் தூரத்தில் தெரிந்தது மலையடிவாரம் வரைக்கும் கேட்டது. வருவது உறவா, பகையா என்றேன். ஆட்கள் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். என் தொண்டை மூடிக்கொண்டது. இப்போது என் மௌனமும் அடிவாரம் வரைக்கும் கேட்டது. நான் எச்சில் விழுங்கியது மாடு தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது.

கீழே பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, தலையை உயர்த்தி, "பிறகு?" என்று கத்தினார். அந்த சீசனில் என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என் வாடிக்கையாளரும் இல்லை. தொண்டை திறந்தது, பட்டரி செத்தது. நான் பல்லைக் காட்டிக் கை அசைத்தேன். அவர் இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க வாங்கத் திட்டினார்: "அந்த ஓடங்களில் யார் வந்தார்கள் என்று தெரியாமல் நான் எப்படி வீட்டுக்கு ஓடுவது?"

கடைசிக் கப்பல்

கடைசிக் கப்பலுக்குச் சாமி அங்கிளே வந்துவிட்டார். "நான் பின்னால நிக்கிறேன். இல்லாத ஆள்னு நெனச்சுக்க" என்றார். இல்லாத ஊரைக் காட்டவே முடியாதவன், இருக்கிற முதலாளியை எப்படி இல்லாமல் ஆக்குவது? அன்றைக்கு ஆறு பேர். அதில் ஒருவர் வேல்ஸ் நாட்டு மூதாட்டி, கைத்தடியோடு, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறவர். ஐந்து மணிக்குள் கப்பலில் ஏறியாகவேண்டும்.

முதல் அடுக்கில் நின்றேன். விடியற்காலை வந்தது. காவல்காரன் வந்தான். ஐந்து ஓடங்கள் வந்தன. வருவது உறவா, பகையா? ஆறு வாய்களும் மூடியிருந்தன. விமான நிலைய வானில் ஒரு பெட்டியின் கைப்பிடி என் கண்ணுக்குத் தெரிந்தது. தொண்டை மூடத் தொடங்கிய நேரம், பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ம்."

சாமி அங்கிள். கடலைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

காவல்காரன் ஓடினான். "ம்." மரவேலிக் கதவுகளை அடைத்தார்கள். "ம்." அடுக்கு அடுக்காகப் புகை எழுந்தது, பிள்ளைகளை மேலே கூட்டிப்போனார்கள், கிழவர்கள் ஈட்டியைத் தேடினார்கள். "ம்... ம்." நான் அடுக்கிலிருந்து அடுக்குக்கு ஏறினேன், ஆட்களும் ஏறினார்கள். கதவு இருந்த இடத்தில் ஒருவர் தானாகவே குனிந்து நுழைந்தார். உச்சிக்கு வந்தபோதுதான் ஓடங்களில் இருந்தவர்களின் முகம் தெரிந்தது. சொந்தக்காரர்கள், அறுவடை விருந்துக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். குழிகளைத் திறந்து கிழங்கு எடுத்தார்கள். அடுப்பு மூட்டினார்கள். அந்த இடத்தில் யாரோ மணி பார்த்து அலறினார்கள்.

நாலு மணி கடந்திருந்தது. மூதாட்டியை இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம். வழியில் தெருவைக் கிண்டிப் போட்டு ஆரஞ்சுக் கூம்புகளை நட்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு வந்தபோது எட்டு நிமிடம் மீதி. ஐந்து பேர் ஓடினார்கள். மூதாட்டி மட்டும் நடந்தார். பாதித் தூரம் போனவர் நின்று, திரும்பி, தடியை ஊன்றி என்னிடமே வந்தார். நான் கப்பலைக் காட்டினேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்த ஊரை நான் பார்த்தேன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. "உன் குரல் எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, மகனே. பின்னால் நின்ற அந்த மனிதர் எந்த இடத்தில் பயந்தார், எந்த இடத்தில் சந்தோஷப்பட்டார் என்று அவருடைய ‘ம்’ எல்லாவற்றையும் சொல்லிவிட்டது."

அவர் கப்பலுக்குள் மறைந்ததும் பக்கத்தில் நின்ற சாமி அங்கிளிடம் திரும்பினேன்.

"நீங்க ‘ம்’ கொட்டினீங்க, அங்கிள்" என்றேன்.

"நானா? மூச்சு விட்டேன். மலை ஏறினா மூச்சு வாங்காதா?" காது சிவந்திருந்தது. வான் சாவியை என்னிடமிருந்து வாங்கப்போகிறார் என்று நினைத்து நீட்டினேன். அதை என் விரல்களுக்குள் மடித்துவிட்டு, தன் காரை நோக்கி நடந்தார். நாலடி போனவர், திரும்பாமலே கேட்டார்: "அக்டோபர்ல அடுத்த சீசன். அதுக்குள்ள யோசிச்சு வை. விருந்துக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டு எப்ப கிளம்பினாங்க?"

பிறகு அவரும் போய்விட்டார்.

ஆகவே, சக துன்பப்பிராணிகளே, இந்தத் தொழிலுக்குக் குரலும் வேண்டாம், ஊரும் வேண்டாம். பெட்டி தூக்க அனுப்ப வந்த இடத்தில் ‘ம்’ கொட்டிவிட்டு, கொட்டவில்லை என்று சாதிக்கிற ஒரு முதலாளி இருந்தால் போதும்.