சிவப்புக் குழாய்

குவைத்திலிருந்து வந்த நீல உறையை அறைத்தோழர் பல்லால் கிழித்துத் திறந்தார். எழுபதுகளின் தொடக்கம், ஹனோவர் மாணவர் விடுதியின் சமையலறை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேதியியலாளர் வேலைக்கு இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்திருந்தோம். உறை ஒன்றுதான் வந்தது. அவர் படித்து முடிப்பதற்குள் ஆறு பேருக்குப் போதுமான வெங்காயத்தை நறுக்கிவிட்டிருந்தேன்.

வேலை போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் குவைத் என்னுடைய ஊர். அந்தக் குளிர்காலம் முழுக்க, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நான் மனதால் அங்கேதான் குடியிருந்தேன். எதிர் அறையில் ஓர் எகிப்திய மாணவர். அவருடைய அண்ணன் குவைத்தில் பள்ளி ஆசிரியர். தேநீர் போட்டுக் கொடுத்துக் கொடுத்து, அவரிடம் கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மதியம் அடைத்த கடை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். டாக்சியில் ஏறும் முன்பே கூலியைப் பேசிவிட வேண்டும். நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் நின்று தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அறைத்தோழருக்கோ குவைத் வரைபடத்தில் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அரிசி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

புறப்படும் முன் நோட்டைக் கேட்டார். கையை விட்டுத் தர மனம் வரவில்லை. நான் வாசிக்க, அவர் எழுதிக்கொண்டார். நெல்லைக்காரர். "ஊருக்குப் போகாமலே ஊரச் சுத்திட்டீரேவே" என்று சிரித்தார். கடைசிப் பக்கம் வந்தது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் சூடேறி, குளிர்நீர்க் குழாயில் கொதிநீர் வரும். ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீருக்கான சிவப்புக் குழாயைத் திறந்தால், வீட்டுக்குள் ஆறிக் கிடக்கும் நீர் வரும். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"வேற ஏதும் இருக்காவே?"

"அவ்வளவுதான்" என்று நோட்டை மூடினேன். அந்த ஊரில் ஒரு குழாயாவது எனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு சின்ன நினைப்பு.

ஜூலையில் கடிதம் வந்தது. மனைவியும் ஏழு மாதப் பெண்குழந்தையும் போய்ச் சேர்ந்த அன்று மதியம், குளிர்ந்த நீர் என்று நம்பி, இவர் குழந்தையின் காலைக் குழாயில் காட்டியிருக்கிறார். கொப்புளம் கண்டுவிட்டது. பயமில்லை என்றாராம் டாக்டர். அடுத்த வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் சிவப்புக் குழாய் விஷயம் இவருக்குத் தெரிந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தார்: "உம்ம நோட்டுல இது ஒண்ணுதான் இல்ல. எழுதி வச்சுக்கிடும். ஆபீசர்கிட்ட உம்ம பேரச் சொல்லியிருக்கேன். நீரு வரும்போது உதவும்."

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆனாலும், சொல்லவே கூசுகிறது, அப்போதும் பொறாமைதான். இப்படி ஒருவனை நம்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய அந்த மனதின் மேல். "குறித்துக்கொண்டேன், நன்றி" என்று ஓர் அட்டை போட்டேன். இலையுதிர்காலத்தில் குவைத்திலிருந்து எனக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. அதை நிரப்பவில்லை. முனைவர் பட்ட வேலை முடியவில்லை என்று அவருக்குப் பொய் எழுதினேன்.

நான் இன்னும் ஹனோவரில்தான் இருக்கிறேன். அவர் பொங்கலுக்குப் பொங்கல் எழுதுகிறார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது, நீச்சலில் கெட்டிக்காரியாம். ஒவ்வொரு முறையும் பதில் எழுத உட்காருகிறேன். காலில் தழும்பு இருக்கிறதா என்ற ஒரு வரியை மட்டும் எழுத முடியவில்லை.