மீசையின் இடப்பக்கத்து நாற்காலி

எங்கள் அண்ணிக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று டிப்போவில் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும். அத்தனை பெரிய பஸ்ஸை அந்த நெரிசலில் ஓட்டுகிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? நான் அதே டிப்போவில் பாஸ் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள், அவளுடைய நாத்தனார். நாத்தனார் என்றால் குறை சொல்வாள் என்று காத்திருப்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

அண்ணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: காலை வண்டி. விடியும்போது எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். அவளுக்கு வாய்த்ததோ மத்தியான வண்டி. என் அண்ணன் ரொட்டி அடுப்பில் வேலை செய்பவன். ஊர் அடங்கியபின் கிளம்பி உச்சிவேளையில் திரும்புவான். அவன் படியேறும்போது இவள் இறங்குவாள், இவள் ஏறும்போது அவன் இறங்குவான். வார லீவும் வேறு வேறு நாள். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு பேரும் படிக்கட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். இந்த லட்சணத்தில் உறவுக்காரர்கள் போன் போட்டு, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று வாய் கூசாமல் கேட்பார்கள். படிக்கட்டில் என்ன விசேஷம் நடக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலை வண்டி யாருக்கு என்பதில் ஒருகாலத்தில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை நடந்ததாம். மேனேஜர் கையை விரித்துவிட்டார். நீங்களே முடிவு பண்ணிப் பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் இஷ்டத்துக்குப் போட்டுவிடுவேன் என்றார். அவர் இஷ்டம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மத்தியானம், டிரைவர்கள் ஓய்வறையில் போக்கர் ஆடி முடிவு செய்வது வழக்கமாகிவிட்டது. பணயம், ஒர்க்ஷாப்பிலிருந்து அள்ளி வந்த வாஷர்கள். கடைசியில் எல்லா வாஷரும் யாரிடம் சேர்கிறதோ அவருக்குக் காலை வண்டி.

ஆட்டம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆளுக்கொரு வாஷர் நடுவில் வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். கையிலிருப்பதோடு அதைச் சேர்த்துப் பெரிய ஜோடி யாருக்கு அமைகிறதோ, நடுவில் இருப்பதெல்லாம் அவருக்கு. அது திறப்பதற்கு முன்பே கையிலிருக்கும் இரண்டை நம்பிப் பணயத்தை ஏற்றலாம், பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து அந்தச் சுற்றிலிருந்து விலகிவிடலாம். ஏற்றுவதா கவிழ்ப்பதா என்று சீட்டுப் போடுகிறவரின் இடப்பக்கம் இருப்பவர் முதலில் பேச வேண்டும். போடுகிறவர் கடைசியில் பேசுவார். ஊர் உலகத்தில் சீட்டுப் போடும் முறை ஆள் மாறி ஆள் வரும். எங்கள் டிப்போவில் மட்டும் எப்போதும், மீசை என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர்தான் போடுவார். சீனியர், கை சுத்தம், அவரே போடட்டும் என்று என்றைக்கோ யாரோ சொன்னது அப்படியே நின்றுவிட்டது. காலை வண்டியும் அவரிடமே நின்றுவிட்டது. மனிதர் அதை எதற்கு வைத்திருந்தார் தெரியுமா? மத்தியானம் நன்றாகத் தூங்குவதற்கு.

அண்ணி வேலைக்குச் சேர்ந்தபோது காலியாக இருந்தது அவருடைய இடப்பக்கத்து நாற்காலி. உட்காரும்மா என்றார்கள், உட்கார்ந்தாள். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுவிட்டு வந்தாள். அதிர்ஷ்டம் கெட்டவள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. லீவு நாளில் என்னைக் கட்டிலில் எதிரே உட்காரவைத்து, ஆட்டத்தில் இருக்கும் ஆறு பேருக்கும் சீட்டுப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். எனக்கு இடுப்பு ஒடிந்தது.

"முதல்ல பேசறவ கண்ணைக் கட்டிக்கிட்டுப் பேசறா. கடைசில பேசறவரு அஞ்சு பேரு மூஞ்சியையும் பாத்துட்டுப் பேசறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு வந்தா அது ஒரே சீட்டு இல்ல" என்றாள்.

அதற்குப்பின் அவளுக்கென்று ஒரு கணக்கு வந்தது. முதல் நாற்காலியில் இருந்தால் இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, இரண்டு ராணி, அல்லது ஏஸும் ராஜாவும் சேர்ந்து. இவை வந்தால்தான் ஏற்ற வேண்டும், மற்றதையெல்லாம் யோசிக்காமல் கவிழ்க்க வேண்டும். நடு இடத்தில் கொஞ்சம் தாராளம். கடைசியில் இருந்து, முன்னால் எல்லோரும் கவிழ்த்திருந்தால், ஏஸோடு ஒரு சுமாரான சீட்டு இருந்தாலே தைரியமாக ஏற்றலாம். கணக்கு சரிதான். ஆனால் அவளுக்கு முதல் நாற்காலி மட்டும்தானே வாய்த்தது! பெரிய சீட்டு எப்போதோ ஒருமுறை வரும். அதற்குள் ஒவ்வொரு வாஷராகக் கரைந்துவிடும். வந்து அவள் ஏற்றினாலோ, அம்மணி ஏத்திட்டாங்க, ஓடுங்கப்பா என்று ஐந்து பேரும் கவிழ்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

போன ஆட்டத்தில் அவள் உட்காரவில்லை. வாஷர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே, சீட்டுப் போடும் முறை இனி கைமாறி வர வேண்டும் என்றாள். நான் ஜன்னலை மூடிவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றேன்.

மீசை சீட்டைக் கலைத்துக்கொண்டே, "நாற்காலில என்னம்மா இருக்கு? எல்லாம் வர்ற சீட்டுல இருக்கு" என்றார்.

"அப்படியாண்ணே? அப்ப நல்லதாப் போச்சு. நான் உங்களுக்கு வலப்பக்கம் உக்காந்துக்கறேன். இதுல வேற யாராவது உக்காருங்க."

யாரும் நகரவில்லை. ஒருவர் கதவுக் காற்று ஆகாது என்றார். ஒருவருக்கு அப்போதுதான் போனில் அவசரமாக ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. ஒல்லியாக இருப்பதால் ஊசி என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர், தனக்குத் தன் இடமே பழகிவிட்டது என்றார். அண்ணி கடைசியில் மீசையிடமே, நீங்களே உட்காருங்கள் என்றாள். அவர் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கால் ஆடுகிறது என்றார்.

"இவ்வளவு நாளா எனக்கு ஆடலையே, உங்களுக்கு மட்டும் ஆடுதா? உங்க யாருக்கும் ஆகாத நாற்காலி எனக்கும் வேண்டாம். சீட்டு கைமாறி வரணும். இல்லன்னா ஆட்டமே வேண்டாம், வாங்க எல்லாரும் மேனேஜர்கிட்டப் போவோம்."

மேனேஜர் பேரைக் கேட்டதும், போன் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைப் பையில் போட்டார். ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது போலும், நான்கூட ஒருநாளும் போட்டதில்லையே என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தன் முறையைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மீசை சீட்டுக்கட்டை மேஜையில் போட்டார். அண்ணி பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

மீசை போட்டு, அவள் முதலில் பேச வேண்டியிருந்தபோது ஏஸும் பத்தும் வந்தது. முகம் மாறாமல் கவிழ்த்தாள். சீட்டுப் போடும் முறை தன் கைக்கு வந்தபோது ஏஸும் ஒன்பதும். எல்லோரும் கவிழ்த்திருக்க, மீசை மட்டும் இரண்டு வாஷரைத் தயங்கித் தயங்கித் தள்ளினார். அண்ணி ஒரு கைப்பிடி ஏற்றினாள். மீசை பயந்து கவிழ்த்துவிட்டார். இப்படியே ஒவ்வொருவராகக் கழன்று, மிஞ்சியது அவர்கள் இரண்டு பேர்.

அண்ணி சீட்டுப் போட்டாள். அப்படியென்றால் மீசைதான் முதலில் பேச வேண்டும். மனிதருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எதிராளி பேசட்டும் என்று அவர் காத்திருக்க, எதிராளி அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ராஜாவும் பத்தும்தான் கையில். அதை வைத்துக்கொண்டு இருந்த வாஷரையெல்லாம் நடுவில் தள்ளினார். அண்ணி தன் இரண்டு ராணிகளையும் திருப்பிப் போட்டு, எனக்கும் அவ்வளவும் என்றாள். ஐந்து சீட்டும் திறந்தன. ராஜா வரவில்லை, பத்து மட்டும் ஒன்று வந்தது. ராணி ஜோடிக்கு முன்னால் பத்து ஜோடி எடுபடவில்லை.

அதிர்ஷ்டம் என்று மீசை முணுமுணுத்தார். இருக்கட்டும்ண்ணே, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று அண்ணி வாஷர்களை டப்பாவில் கொட்டினாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, அண்ணனிடம் மூச்சுவிடாதே என்றாள். ஒவ்வொரு தடவையும் ஜெயித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வெறுங்கையோடு வந்தவள் அல்லவா? இந்தத் தடவை வாயால் சொல்லப் போவதில்லை என்றாள்.

காலை வண்டி ஓட்டிய முதல் நாள் எனக்கு லீவு. அண்ணன் வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்திருந்தான். மத்தியான வெயிலில் அண்ணி யூனிஃபார்மோடு உள்ளே வந்து நேராக அறைக்குள் போனாள். அவன் அரண்டு எழுந்து உட்கார்ந்தது எனக்குக் கூடத்திலிருந்தே தெரிந்தது.

"என்ன இந்த நேரத்துல? வேலை போயிடுச்சா?"

"போகல. தள்ளிப் படுங்க."

யாரும் கேட்காமலேயே, நான் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், வரச் சாயங்காலம் ஆகும் என்று உரக்கச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.