ஏழாம் படியில் நிறுத்தி வைத்தேன்

சென்ற ஆண்டு மாசி, முதல் வாரம். என் மனைவி றீற்றா காலமானார்.

சித்திரை, கடைசிச் சனிக்கிழமை. ஒரு நிரல்மொழியைப் புதியவர்களின் கணினியில் ஏற்றித் தரும் எளிய நிறுவியை எழுதி முடித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எஞ்சியதை அது தானே செய்துகொள்ளும். வீட்டிலிருந்த பழைய மடிக்கணினிகளில் சோதித்தேன். பிழையின்றி நிறைவேறியது.

அன்று மாலை. வெளியிடவில்லை.

ஐப்பசி, இரண்டாம் திங்கட்கிழமை. வெளியிட்டேன்.

இடைப்பட்ட மாதங்களில் அதை மறைத்து வைத்தவன் நான். முடிந்துவிட்டது என்று அறிந்துகொண்டே, “இன்னும் சோதனையில் இருக்கிறது” என்று கேட்டவர்களுக்கு எழுதியவனும் நானே. மறதி அன்று, சோம்பல் அன்று... வேண்டுமென்றே செய்தேன்!

நீங்கள் கணினித் துறையைச் சாராதவராக இருக்கலாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளிலிருந்து சிலர் ஊதியமின்றிச் சேர்ந்து பேணிவரும் சிறியதொரு நிரல்மொழி உண்டு. கணினிக்கு வேலை சொல்லப் பழகுவோர் முதலில் கற்க உகந்தது. ஆனால், அதைக் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் பலருக்குக் கற்கும் ஆசையே போய்விடும். அந்த ஏற்றும் வேலையை எளிதாக்குவது என் பொறுப்பு. கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனுக்குப் பொருத்தமான பொறுப்புத்தான். ஒன்பது படிகள் கொண்ட வழிகாட்டியொன்றைத் தமிழில் எழுதினேன். அதன் அடியில், மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சேர்க்கச் சொன்னவர் றீற்றா.

“இடையிலை நிண்டுபோனால் அதுகள் ஆரிட்டைக் கேக்கிறது? நம்பரைப் போடுங்கோ.”

அழைப்புகளை எடுப்பவரும் அவரே. “முதலிலை சாப்பிட்டியளோ, அதைச் சொல்லுங்கோ. பிறகு அவரைக் கூப்பிடுறன்.” நிரல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் என்னிடம் தொலைபேசியைத் தரும்போது, “ஏழாம் படி” என்று மெல்லச் சொல்வார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்!

ஏழாம் படியில் ஏன் இத்தனை பேர் விழுந்தார்கள்? காரணம் எங்கள் பிள்ளைகளின் பாசம். பெற்றோருக்குப் புதுக் கணினியைத் திறந்து கொடுக்கும் மகளோ மகனோ, உரிமையாளர் பெயராக ‘அம்மா’ என்றோ ‘அப்பா’ என்றோ தமிழிலேயே இட்டுவிடுவார்கள். கணினி அந்தப் பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் வைக்கும். எங்கள் பழைய முறைக்கோ ஆங்கில எழுத்தன்றி வேறெழுத்துத் தெரியாது. ஏழாம் படியில் அந்தக் கோப்புறையைத் தேடும், காணாது, திரை முழுதும் சிவப்பு எழுத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிடும்.

புதிய நிறுவி அந்தக் கோப்புறையின் பக்கமே போவதில்லை. அவ்வளவுதான் தீர்வு.

அந்தச் சித்திரைச் சனிக்கிழமை, வெளியிடும் பொத்தானின்மேல் என் விரல் இருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அருளப்பு என்றொருவர். ஜேர்மனியிலிருந்து வந்து நகரின் மறுகோடியில், குட்மேய்ஸில் பலசரக்குக் கடை நடத்துபவர்.

“அண்ணை, ஒரே சிவப்பு எழுத்து! வழக்குப் போட்ட மாதிரிக் கிடக்கு.”

“கொம்பியூட்டரிலை உங்கட பேர் என்னெண்டு கிடக்கு?”

“அப்பா எண்டு கிடக்கு. மகள் போட்டவள். தமிழிலை. வடிவாயெல்லோ இருக்கு?”

“அதுதான் பிரச்சினை.”

“என்னண்ணை, அப்பாவாய் இருக்கிறதோ பிரச்சினை? அதை இருபத்தைஞ்சு வருசத்துக்கு முதல் சொல்லியிருக்கலாமெல்லோ!”

சிரித்தேன். வாய்விட்டு, தோள் குலுங்க... றீற்றா போனபின் முதன்முறையாக! தொலைபேசியை வைத்ததும் வீடு மீண்டும் அமைதியானது. திரையில் அந்தப் பொத்தான் காத்திருந்தது. அழுத்தினால் ஏழாம் படி ஒழியும். ஏழாம் படி ஒழிந்தால் எனக்கு யார் அழைப்பார்கள்?

கணினியை மூடினேன்.

இதைத் துயரம் என்று சொல்லி நீங்கள் மன்னிக்க முன்வரலாம். பொறுங்கள். நான் அத்துடன் நிற்கவில்லை. ஒரே அழைப்பில் தீர்க்கக்கூடியதை மூன்றாகப் பிரித்தேன்! “இண்டைக்கு ஆறாம் படிவரை போதும். நாளைக்கு எடுங்கோ” என்று, மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியரைப் போல் சொல்லப் பழகினேன். அம்மாக்களும் அப்பாக்களும் நன்றியோடு மறுநாளும் அழைத்தார்கள். மீன் குழம்பு வைக்கக் கற்றுத் தந்தார்கள். நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

பிறகு யசிந்தா அழைத்தார்.

பாரிசிலிருந்து குரோய்டனுக்கு வந்தவர். பொதி கட்டும் இடமொன்றில் ஷிப்ட் வேலை. அந்த இடத்தை மூடப்போகிறார்கள். மாலை வகுப்பொன்றில் சேர்ந்தால் அலுவலக வேலைக்குப் போகலாம். இடம் கிடைக்க வேண்டுமானால், எங்கள் மொழியில் சிறு பயிற்சியொன்றைச் செய்து வியாழன் மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஞாயிறன்று இவ்வளவையும் எனக்குச் சொன்னார். தெளிவாகச் சொன்னார்.

அவருடைய கணினியிலும் உரிமையாளர் பெயர் ‘அம்மா’.

நிறுவி என் முன்னே இருந்தது. ஒரு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம்... நானோ, “பதறாதேங்கோ, ஆறுதலாய்ச் செய்வம். ஷிப்ட் முடிய எடுங்கோ” என்றேன். திங்கள் ஐந்தாம் படி. செவ்வாய் ஆறு. புதன் அவருக்கு இரவு வேலை. வியாழன் மாலை அவர் திரும்பத் திரும்ப அழைத்தபோது என் இணைப்பு ஓய்வாக இல்லை. அருளப்புவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் ஏறி முடிந்து மாதங்கள் கடந்திருந்தன. அன்று நாங்கள் விவாதித்தது, சூடை மீனுக்குப் பழப்புளியா, கொறுக்காய்ப் புளியா என்பதை!

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர் குடிக்கையில் யசிந்தாவைக் கண்டேன்.

“கிடைக்கேல்லை அண்ணை. நீங்கள் கவலைப்படாதேங்கோ. உங்களிலை ஒரு பிழையுமில்லை. எனக்குத்தான் உந்த மண்டை காணாது.” ஒரு தட்டை நீட்டினார். “றோல்ஸ் சாப்பிடுங்கோ. நல்லா மெலிஞ்சுபோனியள்.”

சாப்பிட்டேன். ஒன்றல்ல, இரண்டு!

மறுநாள் நிறுவியை வெளியிட்டேன். ஏழாம் படி ஒழிந்தது. புதியவர்கள் நிமிடங்களில் முடித்துவிட்டு நேரே கற்கத் தொடங்குகிறார்கள். வழிகாட்டியே தேவையில்லாமற் போயிற்று. தொலைபேசியும் நான் அஞ்சியபடியே ஓய்ந்தது, ஒருவரைத் தவிர. “இன்ஸ்ரோல் முடிஞ்சால் கதையும் முடிஞ்சுதோ அண்ணை?” என்று கேட்டு, அருளப்பு இன்றும் வாரந்தோறும் அழைக்கிறார். அப்படியானால் நான் எதற்காக மறைத்தேன்? கேட்டுப் பார்க்கிறேன்... விடை எனக்குச் சாதகமாக வருவதில்லை.

பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தேன்.

“களவெடுத்தியளோ?” என்று கேட்டார் சுவாமி.

“இல்லை சுவாமி. குடுக்க வேண்டியதைக் குடுக்கேல்லை.”

“ஆரின்ரை சாமான்?”

“நான் செய்தது. சும்மா குடுக்கிறது.”

“இப்ப குடுத்தாச்சோ?”

“ஓம்.”

மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும்படி பணித்து அனுப்பிவிட்டார். யசிந்தாவைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இங்கும் அவருடைய பெயரை மாற்றியே எழுதியிருக்கிறேன். அவரைக் காக்கவா, என்னைக் காக்கவா? சென்ற வாரம் மண்டபத்தில் யாரோ அதே வகுப்பை நினைவூட்டியபோது, “உதெல்லாம் எனக்குச் சரிவராது” என்று சிரித்துக்கொண்டே தட்டுகளை அடுக்கினார். நான் ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

செய்யாது கிடப்பவை:

நிறுவியின் வெளியீட்டுக் குறிப்பில், அது உண்மையில் எப்போது முடிந்தது என்று எழுதுதல்.

பார்வை மங்கியவர்களுக்காக நிறுவியின் எழுத்தைப் பெரிதாக்குதல்.

மாலை வகுப்புக்கு விண்ணப்பம் மறுபடியும் திறந்திருக்கிறது. அது மூடுமுன் குரோய்டனுக்குப் போய், மண்டையில் ஒரு குறையும் இல்லை என்று யசிந்தாவிடம் நேரிற் சொல்லுதல். அப்படியென்றால் என்ன நடந்தது என்று கேட்பார். அதையும் சொல்லுதல்.