முன்னறையில் குடியிருந்த வண்டி

இந்த வீட்டின் மாடிக்கு நான் குடிவந்தபோது கீழே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று நினைத்தேன், வீட்டுக்காரரும் அவர் மனைவியும். முன்னறையில் மூன்றாவதாக ஒன்று குடியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் அந்த அறைக்கு மட்டும்தான் உண்டு. தரையில் ரப்பர் விரிப்பு, மூலையில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்ன யந்திரம். நடுவில், போர்வை போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள். கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது: "தயவுசெய்து தொடாதீர்கள்."

தெருவில் வீட்டுக்காரருக்குப் பெயர் ஒரிஜினல். வண்டியின் ஒவ்வொரு திருகையும் காட்டி "ஒரிஜினல்" என்பார். துருவைக்கூட அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். ஆனால் பிழைப்புக்கு அவர் நடத்துவது ஜெராக்ஸ் கடை. பகலெல்லாம் ஊராரின் சான்றிதழ்களை நகல் எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து ஒரிஜினலைத் துடைப்பார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தையல் வேலை. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, கால்சட்டைக்கு நீளம் குறைப்பது. அந்த முன்னறை அவருடையதாகத்தான் இருந்தது. வண்டி உள்ளே வந்ததும் தையல் மிஷின் மாடிப்படிக்கு அடியில் போனது. அங்கே பட்டப்பகலிலும் பல்பு எரிய வேண்டும். கறுப்புத் துணிக்குக் கருநீல நூல் ஓட்டிவிட்டு, ஒரு முழு கால்சட்டையையும் அக்கா பிரித்துக்கொண்டிருந்ததைப் படியிறங்கும்போது பார்த்திருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். குனிந்து நின்றவருக்கு எடுத்த அளவு அவர் நிமிர்ந்து நடக்கும்போது எப்படிப் பொருந்தும்? வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"ஏங்க, அந்த ரூமு எனக்குத் திரும்ப வேணுங்க. இந்த இருட்டுல கண்ணே போயிடும் போலிருக்கு."

"நானா வேணாங்கிறேன்? இன்ஷூரன்ஸ்காரங்க சொல்றாங்க. பூட்டு இருக்கணுமாம், ஈரம் இருக்கக் கூடாதாம்."

"அப்ப என்னையும் இன்ஷூர் பண்ணுங்க. ஈரமில்லாத ரூம்ல நானும் கொஞ்ச நாள் இருந்து பாக்குறேன்."

வீட்டுக்காரர் சொன்னதில் பொய் இல்லை. வண்டிக்கு இருப்பது சாதாரண நம்பர் பிளேட் அல்ல, பழைய வண்டிகளைச் சேகரித்து வைப்பவர்களுக்கென்று தருகிற தனி பிளேட். அதை வாங்க அவர் ஏறாத படி இல்லை. இன்ஷூரன்ஸும் தனி ரகம். வண்டி திருட்டுப் போனால் பழைய இரும்பின் விலையைக் கையில் திணித்து அனுப்பிவிட மாட்டார்கள். முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தருவார்கள். பதிலுக்கு ஒரு நிபந்தனை: அன்றாட வேலைக்கு அதை ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், மெக்கானிக்கிடம் போகலாம், பழைய வண்டிக்காரர்களின் கிளப் கூப்பிட்டால் போகலாம். மற்றபடி முன்னறைதான்.

மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகு பஸ்ஸில் போக ஆரம்பித்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேறு தேசத்திலிருந்து வந்து ஒண்டிக்கொண்டிருப்பவன் நான். நிபந்தனை என்று யாராவது சொன்னாலே என் கை பாஸ்போர்ட்டைத் தேடும். அவருக்கோ நாக்கில் நீர் ஊறும். "இவ்வளவு நிபந்தனை போடுறாங்கன்னா பொருளுக்கு எவ்வளவு மதிப்புன்னு பாருங்க தம்பி" என்பார், பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டே.

ஊரில் இருந்த கிளப்பில் சேரப் போனார். அங்கே ஒரு பெரியவர் சீட்டு உறையின் தையலைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினல் இல்ல, பின்னாடி போட்டது" என்றாராம். ஜெராக்ஸ்காரரின் முகத்துக்கு நேரே நகல் என்று சொல்லலாமா? முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். அந்த உறையைத் தைத்தது அக்காதான். அதை மட்டும் அவர் அங்கே வாயைத் திறந்து சொல்லவில்லை.

உடனே சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார். செயலாளர் அவர். பொருளாளர், டயர் கடையில் வேலை பார்க்கும் மச்சான், அதாவது அக்காவின் தம்பி. தலைவர் அக்கா.

"பேருக்குத்தான் தலைவர். நீ ஒண்ணும் செய்ய வேணாம்" என்று அக்காவிடம் சொன்னார்.

இன்ஷூரன்ஸ் அலுவலகம் ஒரே ஒரு வேலை வைத்தது. வண்டி தெருவில் இறங்கும் ஒவ்வொரு முறையும், இது கிளப் சார்பான பயணம்தான் என்று தலைவர் போன் செய்து சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "போன் பண்ணு, கிளம்பணும்."

"எங்க?"

"சும்மா ஏரிக்கரை வரைக்கும்."

"ஏரிக்கரையில யாரு இருக்கா, கொக்கா வந்து பாக்கப்போகுது? துணிக்கடைத் தெருவுக்குப் போங்க, அங்கதான் கூட்டம். அப்படியே லைனிங் துணியும் வெள்ளை நூலும் வாங்கிட்டு வந்துடுங்க."

"அடியே, அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது!"

"வேலைக்கா போறீங்க? காட்டத்தானே போறீங்க. நூலு கூட வருது, அவ்வளவுதான்."

மச்சானைப் பார்த்தார். "தலைவர் உத்தரவு மாமா. பொருளாளர் என்ன செய்ய முடியும்?" என்றார் மச்சான்.

அதன்பின் அந்த வண்டியின் பெருமையை ஊரில் நன்றாக அறிந்தவர்கள் பொத்தான் கடைக்காரரும் ஜிப் கடைக்காரரும்தான். பெட்ரோல் டாங்கின் மேல் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போல நிமிர்ந்து வருவார் ஒரிஜினல்.

பிறகு பக்கத்து ஊரில் பெரிய கண்காட்சி வந்தது. சீட்டு உறையைப் பழித்த அந்தப் பெரியவரும் வருகிறாராம். ஒரிஜினலுக்குச் சோறு இறங்கவில்லை. நாள்கணக்காகத் துடைத்துத் துடைத்து, போகிற போக்கில் துருவையே தேய்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கண்காட்சியன்று காலையில் பளபளக்கும் பூட்ஸோடு வந்து நின்றார்.

"போன் பண்ணு."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பல்பு வெளிச்சத்தில் நூல் நுழையவில்லை. "பண்றேன். ரூமைக் குடுங்க."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வண்டியை எங்க வைக்கிறது?"

"உங்க கடையில. காகிதம் ஒட்டிக்கும், ஈரமே ஆகாதுன்னு கடையை அப்படிக் காப்பாத்துறீங்களே. ஷட்டரும் இருக்கு, பூட்டும் இருக்கு. இன்ஷூரன்ஸ்ல போன் எடுக்கிற பொண்ணுகிட்ட நேத்தே கேட்டுட்டேன். தாராளமா வைங்கன்னுட்டா."

"ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துலயா? கண்டவனும் வந்து தொடுவானே!"

"தொட்டாத் துடைங்க. இங்க மட்டும் வேற என்ன செய்றீங்க?"

"மாமா, அங்க வச்சா தினமும் கண்காட்சிதான்" என்று மச்சான் இடையில் ஒரு போடு போட்டார்.

ஒரிஜினலுக்குக் கோபம் தலைக்கேறியது. "இனிமே நீ தலைவர் இல்ல. உன் தம்பி தலைவர்."

"தலைவர் கூட்டத்தைக் கூட்டினாத்தான் தலைவரை மாத்தலாம் மாமா. நீங்க போட்ட விதிதான்."

படியில் நின்ற என்மேல் அவர் பார்வை விழுந்தது. "தம்பி, நீங்க கிளப்புல சேந்துடுங்க. நீங்களே தலைவர்."

என் விசாவில் கிளப் தலைவராக இடம் உண்டா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நான் மேலே ஏறிக்கொண்டேன்.

கீழே பூட்ஸ் முன்னும் பின்னும் நடப்பது கேட்டது. தெருவில் யாருடைய வண்டியோ கண்காட்சிப் பக்கமாகக் கடகடத்துக்கொண்டு போனது. அது போதுமானதாக இருந்தது.

"சரி. ராத்திரி நேரா கடையில கொண்டுபோய் நிறுத்துறேன். போதுமா?"

அக்கா போனை எடுத்தார். பேசி முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க அந்தப் பெரியவர் சீட்டு யாரு தைச்சதுன்னு கேட்டா, எங்க கிளப் தலைவர்னு சொல்லுங்க."

வண்டி தெருமுனை திரும்பியதும் மச்சானும் நானும் தையல் மிஷினைத் தூக்கி முன்னறை ஜன்னலோரம் வைத்தோம். ரப்பர் விரிப்பை அக்கா சுருட்டவில்லை. "காலுக்கு இதமா இருக்கு" என்றார். முதல் முறையிலேயே ஊசியில் நூல் நுழைந்தது.

மத்தியானம் வானம் கறுத்தது. பெரியவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரிஜினல் மேகத்தைப் பார்த்துவிட்டாராம். ஒரு துளி விழும் முன் வண்டியைச் சரக்கு வேனில் ஏற்றி, மூன்று போர்வை போர்த்தி, தானும் அதோடு உட்கார்ந்து வந்து, கடையில் இறக்கிப் பூட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

முன்னறை வாசலில் நின்றார். ஜன்னலோரம் ஒரு பெண் நிமிர்ந்து நின்று தோள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரம் உறிஞ்சும் யந்திரம் துணிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் உள்ளே வந்து, சொட்டுகிற ஹெல்மெட்டைத் தையல் மிஷின் பலகைமேல் வைக்கப் போனார். கை பாதியில் நின்றது. மிஷினின் கழுத்தில், காலையில் அவர் வண்டியிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போன "தயவுசெய்து தொடாதீர்கள்" அட்டை தொங்கியது.

அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா சொன்னார்: "படிக்கு அடியில இடம் காலியாத்தாங்க இருக்கு."