ஆஸ்முன் பூட்டிவைத்த கல்

ஆஸ்முன் யாருக்கும் கொடுக்காத பொருள் அவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். ஏணி கேட்டால் ஏணி, பனி தள்ளும் இயந்திரம் கேட்டால் அதுவும். ஒருமுறை என் கார் கிளம்பாமல் அடம்பிடித்தபோது தன் காரைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போனார். ஆனால் கீழ்த்தளத்தில் அவர் பியர் காய்ச்சும் அறையில், கொக்கியில் தொங்கும் எவர்சில்வர் குழாயின் பக்கம் நம் கை நீண்டால் போதும், "அது வேண்டாம்" என்பார். குரல்கூட உயராது. கை தானாகத் திரும்பிவிடும்.

அந்தக் குழாயின் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாம்பல் நிற உருளை இருக்கும். கல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதுவும் எவர்சில்வர்தான். பொடியாக்கி, அச்சில் அழுத்திச் சுட்டது. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். முளைகட்டிய பார்லியில் எடுக்கும் மால்ட் சாறு கொதித்து ஆறியதும் ஆஸ்முன் கல்லை அதற்குள் இறக்கி, மீன்தொட்டிக்கு வைக்கும் பம்பால் காற்று ஊதுவார். அப்படிக் காற்று ஊட்டிய சாற்றில் ஈஸ்ட் போட்டால், பசித்த பிள்ளை சோற்றைக் கண்டது மாதிரி அது எழுந்து வேலையைத் தொடங்கும்.

ஊதி முடித்த கையோடு, சாறு காய்வதற்குள், கல்லை வெந்நீரில் வைத்து மறுபடி ஊதவிடுவார். அப்புறம் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்து, ஆறியதும் அலுமினியத் தாளில் சுற்றித் தொங்கவிடுவார். விரல் படக் கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசையே துளையை அடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. மலைமேல் பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலிகளைப் பராமரிப்பது அவர் உத்தியோகம். அங்கே கை முழுக்கக் கிரீஸ். இங்கே கல்லின் மீது ஒரு ரேகைகூட இருக்கக் கூடாது.

இந்த வீட்டுக்குத்தான் செப்டம்பரில் சிக்ருன் வந்து சேர்ந்தாள், இரண்டு பெட்டிகளும் ஒரு பிரஷர் குக்கருமாக. பெர்கனில் பல் மருத்துவமனையில் காலமெல்லாம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்முன் மனைவியை இழந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர்க் கூடத்தில் நடக்கும் நடன வகுப்புக்கு அவள் பெர்கனிலிருந்து பஸ்ஸில் வந்துபோனதில் இருவருக்கும் பழக்கம். சேர்ந்து வாழ்ந்து பார்ப்போம் என்று முடிவு. பெர்கன் வீட்டை அக்கா மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு வீடுகளில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் ஞாயிறுக்குள், திரும்பி வருகிறாளா, இங்கேயே இருக்கிறாளா என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியாக வேண்டும்.

எனக்குத்தான் பதைப்பு. பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு பேர் சேர்ந்து காபி குடிப்பதைப் பார்க்கிற சுகம் அப்போதுதான் பழகியிருந்தது.

அக்டோபரில் ஒருநாள் ஆஸ்முன் மலைக்குப் போயிருந்த நேரத்தில் சிக்ருன் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்தாள். பச்சை சோப்பால்தான். பைன் வாசனை அடிக்கிற, எண்ணெயில் செய்த அந்தச் சோப்பால் இந்த நாட்டில் தரையைக் கழுவுவார்கள், சுவரைக் கழுவுவார்கள், கம்பளத்தைக் கழுவுவார்கள், நாயையும் கழுவுவார்கள். கொக்கியில் தொங்கிய குழாயின் அலுமினியத் தாளைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். நுனி மங்கிக் கிடந்தது. பாவம், ஆண்பிள்ளை வீடு என்று நினைத்துச் சோப்பில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, துண்டில் துடைத்து மாட்டிவிட்டாள்.

மாலையில் ஆஸ்முன் அதைப் பார்த்தார். "நன்றி" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை கிறிஸ்துமஸ் பியருக்குச் சாறு காய்ச்சினார். கல்லிலிருந்து பூப்பூவாய் வர வேண்டிய குமிழி, ஒரு பக்கமாக மட்டும் பெரிது பெரிதாய் வந்தது. சாற்றின்மேல் குளியல் தொட்டி மாதிரி நுரை. அறையெல்லாம் பைன் மரக்காடு. அத்தனையையும் கொட்டினார். என்னவாயிற்று என்று சிக்ருன் கேட்டதற்கு, "ஈஸ்ட் சரியில்ல" என்றார்.

இந்தப் பக்கத்தில் பிறந்த மனிதர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. காரணம், ஈஸ்ட் லைடுல்ஃபுடையது. மேட்டில் ஆடு வளர்க்கும் லைடுல்ஃப், ஆஸ்முனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காயவைத்து எடுத்துவைக்கும் ஈஸ்டில்தான் பாதி ஊர் பியர் காய்ச்சுகிறது. அது சரியில்லை என்பது அவர்கள் குடும்பமே சரியில்லை என்பது போல.

பிறகு கீழ்த்தள அலமாரியில் ஒரு பூட்டு தொங்கியது. விடிந்ததும் ஆஸ்முன் கீழே இறங்கிப்போவார், ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்கும், பூட்டுகிற சத்தம் கேட்கும், மேலே வந்து ஒன்றும் நடக்காதது போல ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்.

சிக்ருன் என்னிடம் வந்தாள். "நீ ரொம்ப நாளா பக்கத்துல இருக்க. அந்த அலமாரியில என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதே."

"நான் இருக்கற வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு பூட்டு. பெர்கன்ல என் வீட்டுல பூட்டுன்னா வாசல் பூட்டு மட்டும்தான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வருத்தமாகச் சொன்னாள். பெட்டி கட்டிவிடுவாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் முழு மிளகு போட்டுப் பெரிய பானையில் வேகவைத்து என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. லைடுல்ஃப். கையில் நுரை வழியும் மரக்குவளை. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, இங்கே அதுவே போர்ப் பிரகடனம்.

"டேய் ஆஸ்முன்! என் ஈஸ்ட் செத்துப்போச்சுன்னு கடையில சொன்னியாமே?"

"கடையில சொல்லல."

"நான்தான் சொன்னேன்" என்றாள் சிக்ருன். "இவர் என்கிட்ட சொன்னாரு, நான் கடையில சொன்னேன்."

லைடுல்ஃப் குவளையை மேசைமேல் வைத்தார். "பாரு இதை. அதே ஈஸ்ட்தான். எங்கம்மா காலத்து நுரை! நான் படிமேல நின்னு சாறை வாளிக்கு வாளி ஊத்துறேன், அதுக்கு அந்தக் காத்து போதும். உன்ன மாதிரி பியர் மூக்குல குழாய் சொருகி ஆஸ்பத்திரி நடத்தல."

ஆஸ்முன் கிழங்கையே பார்த்தார். ஒரு பக்கம் ஐம்பது வருட நட்பு. இன்னொரு பக்கம் சிக்ருன்.

"சரி, ஈஸ்ட் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"அப்போ என்ன ஆச்சு?" சிக்ருன் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த அலமாரியில என்ன இருக்கு, ஆஸ்முன்? இவங்க முன்னாடியே சொல்லு. நாளைக்கு நான் பஸ் ஏறணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கறேன்."

அவர் எழுந்து கீழே போனார். ஒரு கண்ணாடிப் புட்டியோடு வந்தார். உள்ளே தண்ணீரில் அந்தக் கல்.

"நீ சோப்புப் போட்டுட்ட" என்றார். "பச்சை சோப்பு. துளைக்குள்ள போயிருச்சு. பாத்திரம் கழுவுற பவுடர் போட்டு ஊதிப் பாத்தேன், தினமும் அவிச்சும் பாத்தேன். ஒரு பக்கம் இன்னும் அடைச்சே இருக்கு."

"அதுக்கு எதுக்குப் பூட்டு?"

"மறுபடியும் கழுவிடுவியோன்னு பயம்."

சிக்ருன் முகம் சிவந்தது.

"உன் பழைய பொண்டாட்டியோட அஸ்தியை வச்சிருக்கியோன்னு நினைச்சேன்!" என்று அவள் மேசையில் ஓங்கி அடித்தாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "தினம் காலையில கொதிக்கற சத்தம் வேற!"

லைடுல்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூட்ஸ் இன்னும் காலில். "சோப்பு! என் ஈஸ்டைச் சொன்னியே, பாவி. அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நல்ல மனசோட கழுவினா. எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்" என்றாள் சிக்ருன். "நான் வாழ்க்கை முழுக்கப் பல்லுக் கருவி அவிச்சவ. சாதாரணக் கொதி இதுக்குப் பத்தாது, அழுத்தத்துல ஆவி போகணும். குக்கரை எடு."

"குக்கரா? போன வாரம் அதுல கறி வெந்துச்சு! கொழுப்பு!"

"அதைத் தேச்சாச்சு. மோந்து பாரு."

ஆஸ்முன் குக்கருக்குள் தலையை விட்டு மோந்தார். லைடுல்ஃபும் மோந்தார். பிறகு என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார்கள். மூவரும் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கல் இடுக்கியில் உள்ளே இறங்கியது. அது ஆவியில் வெந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கறியை முடித்தோம். லைடுல்ஃப் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். பூட்ஸையும் கழற்றினார்.

ஆறவிட்டு, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கல்லை இறக்கி ஆஸ்முன் பம்பைப் போட்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுற்றிலும், எல்லாப் பக்கமும், மாவு சலித்த மாதிரி பொடிக் குமிழி. தண்ணீர் பாலாய் வெளுத்தது.

"பரவாயில்ல" என்றார் லைடுல்ஃப். "பொம்மை நல்லாத்தான் இருக்கு. இப்பவும் எனக்கு வாளிதான்."

சிக்ருன் தொலைபேசியை எடுத்து அக்கா மகளை அழைத்தாள். "வீட்டை நீயே வச்சுக்கோ... ஆமா, யோசிச்சுட்டேன்... சண்டையா? இருந்துச்சு. ஒரு கல்லு. இல்லம்மா, கிட்னியில இல்ல." அந்தப் பக்கம் ஏதோ சந்தேகக் கேள்வி. சிக்ருன் தொலைபேசியை ஆஸ்முனிடம் நீட்டினாள். "நம்ப மாட்டேங்கறா. நீயே பேசு."

தொலைபேசியில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டிராத மனிதர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் சித்தி இங்க இருந்தா எனக்கு நல்லா இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பூட்டை எடுத்துடறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.