ஒரே பல், ரெண்டு பேர்

அக்காளும் தங்கையும் சேர்ந்து நடத்திய தையல் கடை அது. பெரியவள் உள்ளே மெஷினில் உட்காருவாள். சின்னவள் முன்னால் நின்று அளவெடுப்பாள், வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவாள். இப்படித்தான் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. சிரிக்கத் தெரிந்தவளுக்கு வாசல், மற்றவளுக்குச் சுவர், அவ்வளவுதான்.

இருவருக்கும் மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் வரிசையை விட்டு முன்னால் ஏறி நிற்கும். ஒரே வயிற்றில் பிறந்த ஒரே பல். ஆனால் சின்னவளுடையதற்குச் சிங்கப்பல் என்று பேர், பெரியவளுடையதற்குத் தெத்துப்பல். பெற்றவளே அப்படிப் பிரித்துவைத்தாள். "சின்னதுக்கு அதுதான் அழகு" என்பவள், அதே மூச்சில் மூத்தவளிடம், "போட்டோ எடுக்கும்போது நீ கொஞ்சம் வாயை மூடிக்கோடி" என்பாள். பெரியவளுக்கு அன்று பிடித்த வயிற்றெரிச்சல் விடவேயில்லை. சிரிப்பு வந்தால் உள்ளங்கை தானாக வாய்க்குப் போகும்.

நாற்பதைத் தாண்டியதும் அவள் பல் இன்னும் கெட்டது. முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது, ஒன்று நீண்டது, ஒன்று திரும்பிக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் சின்னவளிடம், "உங்க சிரிப்புக்காகவே இந்தக் கடைக்கு வரலாம்மா" என்றார். அவர் கையில் இருந்த சட்டைக்குக் காலர் அடித்தவள் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாளே யாரிடமும் சொல்லாமல் பல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் அம்மாள் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "முன்பல்லுல பள்ளம் விழுந்திருக்கே, என்ன கடிப்பீங்க?"

"நூல்."

"கத்திரிக்கோல் இல்லையா?"

"கழுத்துலதான் தொங்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். "கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிட்டு இடத்தைச் சும்மா விட்டிருக்கீங்க. பக்கத்துப் பல் அதுல சாஞ்சிருச்சு. அதைவிட ஈறுதான் பெரிய பிரச்சினை. உள்ள எலும்பு கரைஞ்சு பிடிமானம் போயிருக்கு, அதான் பல்லெல்லாம் நகருது. முதல்ல ஈறைச் சரிபண்ணுவோம், அப்புறம் கிளிப் போடலாம்."

"இந்த வயசுலயா?"

"வயசு தடையில்ல. மெதுவா நகர்த்தணும், அவ்வளவுதான்." கிளம்பும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார். "இந்த ஈறு வியாதி குடும்பத்துல வரும். வலிக்காது, அதனால தெரியாது. கூடப்பிறந்தவங்க இருந்தா கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தாள். கடையை நெருங்கினால், சின்னவள் வாசலில் யாரிடமோ வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். அவளுக்கென்ன, சிங்கப்பல்லாச்சே என்று பெரியவள் பேசாமல் உள்ளே போய் மெஷினை மிதித்தாள். கொஞ்ச நாளில் சின்னவளே வந்து, "பல் தேய்ச்சா லேசா ரத்தம் வருதுக்கா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பிரஷை மாத்து" என்றாள் பெரியவள்.

ஈறைச் சுத்தம் செய்து, கிளிப்பும் ஏறியது. கம்பியை முறுக்கிவிட்ட நாட்களில் மெல்ல முடியாது. சின்னவள் சோற்றைக் குழைய வடித்துத் தருவாள். அக்கா பழக்கதோஷத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனால், வாசலிலிருந்து ஓடிவந்து வெட்டிவிடுவாள். நல்லவள் என்ற பேரும் இவளுக்கேவா என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகக் கிளிப்பைக் கழற்றினார்கள். பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டும் கொடுத்தார்கள். மறுநாள் பெரியவள் வாசலுக்கு வந்து நின்றாள். கை தொங்கியபடியே இருக்க, வந்தவர்களிடம் வாய் நிறையச் சிரித்தாள். தங்கை பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்குக்கா" என்றாள். "என் பல்தான் ஆடுது."

அதே டாக்டர் சின்னவளின் பல்லை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்தார். "இந்தக் கோரைப்பல்லைக் காப்பாத்த முடியாதும்மா. மத்ததை நிறுத்தப் பார்க்கலாம்." பெரியவள் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே கூட்டிட்டு வரச் சொன்னேனே? அப்ப வந்திருந்தா இது போயிருக்காதே."

பெரியவளின் உள்ளங்கை வாய்க்குப் போனது.

சின்னவள் அக்காளைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "அக்கா அன்னைக்கே சொன்னா டாக்டர். நான்தான் கேக்கல" என்றாள்.

நியாயமாகப் பெரியவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. பல் போகிற நேரத்திலும் இவளே ஜெயித்துவிட்டாளே.