சங்குக்குச் சங்கு தீனி

மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது தன் உடுப்புகளை அள்ளிக்கொண்டு, மீன் தொட்டியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். உள்ளே மூன்று தங்க மீன்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் மனிதருக்கே இடமில்லை, இதில் மீன் ஒரு கேடா என்று கத்தியவள் நான். அவன் போன மறு வாரமே தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு யார் முகத்தைப் பார்ப்பது? லயத்தில் பாதிக் கதவு பூட்டித்தான் கிடக்கிறது.

நான் கொழுந்து பறிப்பதை விட்டு நின்றவள். ஆனாலும் ஃபெக்டரிச் சங்குதான் இன்னும் என் வயிற்றுக்குக் கடிகாரம். காலையில் ஊதினால் தேத்தண்ணி, பகலில் ஊதினால் சோறு, அந்தியில் ஊதினால் ரொட்டி. நான் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று மீன்களும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. சங்குக்குச் சங்கு தீனி போட்டேன். சில நாள் ரொட்டியையும் பிய்த்துப் போட்டேன்.

தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கி நாற ஆரம்பித்தது. ஒன்று செத்து மிதந்தது, பிறகு இன்னொன்று. மிஞ்சிய மீனும் ஒரு பக்கம் சாய்ந்து நீந்தத் தொடங்கியது. அதுவும் போய்விட்டால் இந்தக் காம்பராவில் என்னைத் தவிர மூச்சு விட ஒன்றும் இருக்காது.

நோர்வூட் டவுனுக்கு பஸ் ஏறினேன். மீன் தீனி விற்கும் கடைக்கார முஸ்லிம் நானா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நம் மலைக் குளிருக்கு மீனுக்கு லேசில் செரிக்காதாம். மிஞ்சுகிற தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்குமாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஓரிரு நாள் ஒன்றும் போடாதீர்கள், பிறகு நாளுக்கு ஒரு சிட்டிகை போதும் என்றார். பசியில் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருகிறதே என்று நான் சண்டைக்கு நின்றேன்.

“எல்லா நேரமும் பசிக்கு வாறதில்ல அக்கா. ஆளக் கண்டாலும் வரும்.”

அன்று அந்திச் சங்குக்கு வெறுங்கையோடு உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. மீன் சாய்ந்தபடியே வந்து கண்ணாடியோரம் நின்றது. நான் எழும்பும் வரைக்கும் அங்கேயே நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் நிமிர்ந்து நீந்தத் தொடங்கியது.

மகன் கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தால் சாப்பிட்டீங்களாம்மா என்பான். சாப்பிட்டேன் என்றதும் வைத்துவிடுவான். கடமை முடிந்தது. இந்த முறையும் அதையே கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“சாப்புட்டேன்பா. நாளைக்கும் சாப்புடுவேன். அத கேக்காத. வைக்காம கொஞ்ச நேரம் சும்மா இரு.”

அவன் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பஸ்களின் இரைச்சல் கேட்டது. இந்தப் பக்கம் சங்கு ஊதியது. மீன் கண்ணாடிக்கு வந்தது. நான் தீனி டப்பாவைத் தொடவில்லை.

“அந்திச் சங்காம்மா?” என்றான்.

வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து சாப்பாட்டைத் தவிர அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.